கியர்பாக்ஸை இறக்கவா, ஆயிலை மாத்தவா? பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு வேலூரில் சொல்லப்படும் வைத்தியங்கள்

பள்ளிகொண்டா டோல்கேட்டில் தடுப்பு மேலே போயிற்று, வண்டிதான் போகவில்லை. மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி ஊர்கிறது. பின்னால் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. 2010 மாடல் ஹூண்டாய் ஐ10, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். ஓரங்கட்டி, சாவியை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. வேலூர் கிரீன் சர்க்கிள் வருவதற்குள் மறுபடி அதே கதை.

அந்த வாரம் நாலு பேர் நாலு தீர்ப்பு சொன்னார்கள். காட்பாடியில் வழக்கமாக விடும் மெக்கானிக், “கியர்பாக்ஸ் ஆயில்ல மட்டும் கை வைக்காதீங்க சார், உள்ள இருக்கறதும் பூடும்” என்றார். ஒரு சர்வீஸ் சென்டரில் ஓட்டிக்கூடப் பார்க்காமல் கியர்பாக்ஸ் அசெம்பிளியையே முழுசாக மாற்றச் சொன்னார்கள். தொகை வண்டி விலையில் பாதி. சென்னையில் கியர்பாக்ஸ் வேலை மட்டும் செய்யும் ஒருவர், இறக்கிப் பிரித்து ஓவர்ஹால் செய்யலாம் என்றார். மைத்துனரோ சென்னையில் பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் கிடைக்கும் என்றார்.

நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை: நாலுமே மருந்து, நோய் என்ன என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதற்கான துப்பு டோல்கேட்டிலேயே இருந்தது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் தேய்ந்த கிளட்ச் தட்டு மேல் சந்தேகப்பட முடியாது. தேய்ந்தது சாவி திருப்பினால் வளராது. பாக்ஸின் கம்ப்யூட்டருக்கு ஒரு சென்சாரோ, ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வான சோலனாய்டோ தப்பான தகவல் தந்தால், பாக்ஸைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் ஒரே கியரில் பூட்டிவிடும். இந்த ஹூண்டாய் பாக்ஸில் அது மூன்றாம் கியர். மூன்றில் நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் மாட்டுவண்டிதான். அணைத்துப் போட்டால் பூட்டு விலகும், கோளாறு திரும்பத் தெரியும்வரை ஓடும்.

இதற்கு மாறாக, ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் வழுக்குவது, ரிவர்ஸ் போட்டு மூன்று நான்கு நொடி கழித்துத்தான் பிடிப்பது, சூடாகச் சூடாக மோசமாவது: இவை ஆயில் குறைவு, பிரஷர் குறைவு, தேய்மானம் பக்கம் கை காட்டும். ஏலகிரியின் பதினாலு வளைவு ஏறும்போது வழுக்கினால் ஓவர்ஹால் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. லீவரை டி-யில் போட்டதும் ‘டொக்’ என்று இடித்தால் பாக்ஸைத் திட்டும் முன் இன்ஜினைத் தாங்கும் மவுண்டைப் பாருங்கள். ரப்பர் கிழிந்த மவுண்ட் கியர்பாக்ஸ் மாதிரியே நடிக்கும்.

அடுத்தது ஆயில். கியர்பாக்ஸ் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியை, டிப்ஸ்டிக்கை, எடுத்து வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வையுங்கள். சிவப்போ லேசான பழுப்போ என்றால் கவலை வேண்டாம். கறுத்து, கருகின வாடை வந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. ரோஸ்மில்க் நிறம் என்றால் கூலண்ட் கலந்துவிட்டது, ஓட்டவே கூடாது. பல வண்டிகளில் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. நம் ஊரில் ரேடியேட்டரில் போர்வெல் உப்புத் தண்ணியை ஊற்றுகிற பழக்கம் அதை உள்ளிருந்து அரிக்கும். அளவு பார்ப்பதிலும் கம்பெனிக்குக் கம்பெனி முறை வேறு: ஹூண்டாயில் சூடாக, இன்ஜின் ஓடும்போது, பழைய ஹோண்டாவில் அணைத்த ஒரு நிமிடத்துக்குள். முறை மாறினால் நிறைந்ததும் குறைந்ததாகத் தெரியும்.

காட்பாடி மெக்கானிக்கின் பயத்தில் பாதி நிஜம். ஏற்கனவே வழுக்கும் பாக்ஸில் புது ஆயில் ஊற்றினதும் நின்றுபோனதை அவர் பார்த்திருப்பார். பழைய ஆயிலில் மிதந்த துகள்தான் கொஞ்சம் பிடிப்புக் கொடுத்தது என்பார்கள். எப்படியானாலும் போனது கிளட்ச், பழி ஆயிலுக்கு. வழுக்காத பாக்ஸில் ஆயில் மாற்றுவதில் பயம் தேவையில்லை. ஆனால் மிஷின் வைத்து மொத்தமாகத் தள்ளுவதைவிட, போல்ட்டைக் கழற்றி வடித்து அதே அளவு ஊற்றுவதுதான் என் கட்சி. இன்ஜினையும் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் ஆயில் தங்குவதால் ஒரு தடவையில் பாதிதான் மாறும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு தடவை. மிஷின் முழுசாக மாற்றும், உண்மை. பத்து வருட வண்டலையும் கிளப்பி, கியர் மாற்ற ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடிக்குள் விடலாம். இந்த வண்டிக்கு எஸ்பி-3 என்ற வகை ஆயில்தான். “எல்லாச் சிவப்பும் ஒண்ணுதான் சார்” என்று பவர் ஸ்டீயரிங் டப்பாவை எடுத்தால் கையைப் பிடித்துவிடுங்கள்.

புதுப்பேட்டை பாக்ஸ் விலையில் ஜெயிக்கும், நம்பிக்கையில் தோற்கும். எந்த விபத்தில், எத்தனை கிலோமீட்டரில் கழன்றது என்று யாருக்கும் தெரியாது. ஓவர்ஹால் விலை கூடுதல். ஆனால் தேய்ந்த தட்டு, சீல் எல்லாம் நம் கண் முன்னால் மாறும். சிக்கல் தூரம்: 140 கிலோமீட்டர் டோயிங், அப்புறம் சின்னக் குறைக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சென்னை. ஏஎம்டி என்ற வகை ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடலாம்; அது மேனுவல் பாக்ஸுக்கு மேல் பொருத்திய ஒரு மோட்டார் கை, அதன் நோயே வேறு.

கடைசியில் போனது ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம். என்னிடம் இருந்த மலிவு ஸ்கேனர் பி0700 என்ற கோளாறு எண்ணை மட்டும் காட்டியது. அதற்கு “கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ கோளாறு, அங்கே கேள்” என்பதற்குமேல் பொருளில்லை. அவருடைய பெரிய ஸ்கேனர் பாக்ஸின் கம்ப்யூட்டரையே கேட்டது: பி0715, உள்ளே வரும் வேகத்தை அளக்கும் சென்சார். பேட்டரி வோல்டேஜை முதலில் பார்த்தார், அது சரி. பிறகு சென்சார் கனெக்டரைக் கழற்றினார். ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. துடைத்ததும் மூன்று நாள் ஓடியது, நாலாம் நாள் மத்தியான வெயிலில் மறுபடி மூன்றாம் கியர். சென்சாரையே மாற்றினார். பாக்ஸுக்கு வெளியே மாட்டியிருப்பது, ஒன்றையும் இறக்கவில்லை.

“டொக்” சத்தம் மட்டும் இருந்தது. காட்பாடி மெக்கானிக்தான் மவுண்ட் மாற்றினார், பாதி குறைந்தது. மீதி காலையில் முதல் தடவை இரண்டாம் கியர் விழும்போது மட்டும் வருகிறது. ஆயிலை ஒரு முறை வடித்தாயிற்று. அடுத்த தடவை வடித்தபின் போகிறதா என்று பார்க்க வேண்டும்.