பழைய டபிள் கெப்பின் ஸ்டியரிங் ஆட்டம்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் லூஸ் என்று கராஜுக்கு வரும் பழைய கெப்களில் (பிக்கப் வண்டிகளில்) பலவற்றில் பிழை ஸ்டியரிங் பொக்ஸில், அதாவது ஸ்டியரிங்கின் சுழற்சியைச் சில்லுப் பக்கம் கடத்தும் பெட்டியில், இருப்பதில்லை. ஆனாலும் முதல் ஸ்பெனர் படுவது பொக்ஸின் தலையில்தான். மேலே ஒரு நட்டும் நடுவில் ஒரு ஸ்க்ரூவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. ஐந்து நிமிட வேலை, காசும் வாங்கலாம். கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை.

என்னிடம் இருப்பது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த டீசல் டபிள் கெப். பின்சில்லு இழுவை, முன்பக்கம் டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலைசெய்யும் கம்பி), பவர் ஸ்டியரிங். வயரிங் கொன்ட்ராக்ட் செய்கிறேன். புறக்கோட்டையில் வயர் சுருள், பைப் எல்லாம் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வேலைத்தளங்களுக்குப் போவதுதான் இதன் அன்றாடம். இடைக்கிடை யாழ்ப்பாணம். வேறு வாகனம் வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் நாட்டு நிலைமையை மறந்துவிடுகிறார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. நடுவில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. அந்த வருடங்களில் பழைய கெப்புக்கே லட்சக்கணக்கில் விலை ஏறிக் கிடந்தது. இருப்பதைத் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கொழும்புக்குள் ஸ்டியரிங் ஆட்டம் லேசில் பிடிபடாது. காலி வீதி நெரிசலில் 30இல் ஊரும்போது எல்லா ஸ்டியரிங்கும் நல்ல ஸ்டியரிங்தான். புத்தளம் தாண்டி ரோடு நீண்டு, முள் 70ஐத் தொட்டதும் விஷயம் வெளியே வரும். வண்டி மெதுவாக ஒரு பக்கம் அலையும். திருத்தப் பிடித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு தேவைக்கு மேல் திரும்பும். எதிரே பஸ் ஒன்று விசுக்கென்று கடந்தால் கை தானாக இறுகும். பக்கத்தில் இருப்பவருக்கு நித்திரை வராது.

ஆட்டத்தை அளக்க வீட்டிலேயே முடியும். சில்லுகளை நேராக வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, முன் சில்லு அசையத் தொடங்கும் வரை ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒரு விரலால் நகர்த்துங்கள். விளிம்பில் அந்தத் தூரம் 30, 35 மில்லிமீற்றருக்குள் இருந்தால் இந்த வகை வண்டிக்குச் சரி. எனதில் கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு இருந்தது.

முதலில் போன கராஜில் பொக்ஸ் ஸ்க்ரூவை இறுக்கித் தந்தார்கள். ஆட்டம் குறைந்தது உண்மைதான். ஆனால் வளைவில் திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. ரவுண்டபௌட்டைச் சுற்றி வந்த பிறகு நானே இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. முன்பு இருந்ததைவிட இது ஆபத்து.

ஏன் அப்படி ஆகிறது என்று விளங்கிக்கொள்ள பொக்ஸின் உள்ளே கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக் கெப்களில் ரெக் (பற்கள் வெட்டிய நேர்த்தண்டு) கிடையாது. ஸ்டியரிங் தண்டின் முனையில் ஒரு திருகு. அதன் மேல் குண்டுகள் உருள ஒரு பெரிய நட் நகரும். அந்த நட்டின் பற்கள், பொக்ஸிலிருந்து வெளியே வரும் செக்டர் ஷாஃப்ட் என்ற தண்டைத் திருப்பும். அதன் நுனியில் பிட்மன் ஆம், இரு சில்லுப் பக்கங்களையும் இணைக்கும் நடுத்தண்டை இடம் வலமாகத் தள்ளும் கை. பற்களின் நடுவில் பிடிப்பு வேண்டுமென்றே இறுக்கமாகவும், ஓரங்களில் தளர்வாகவும் செய்யப்பட்டிருக்கும். நேராக ஓடும்போது ஆட்டம் இருக்கக் கூடாது என்பதற்காக. ஓட்டத்தில் அதிகம் தேய்வதும் அந்த நடுப்பகுதிதான். அளவுக்கு மீறி இறுக்கினால் பற்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும், சில்லு தானாக நேருக்கு வரும் இயல்பு செத்துப்போகும்.

சரி, அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு சின்னக் கராஜுக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் வயதானவர், அதிகம் பேசமாட்டார். வண்டியை ஜக் போடவே இல்லை. நான்கு சில்லும் தரையில் இருக்க, கீழே அட்டையை விரித்துப் படுத்துக்கொண்டார். "தம்பி, ஸ்டார்ட் பண்ணிட்டு ஏறி இருங்க. பெரிசா திருப்ப வேணாம். சும்மா இப்படி இப்படி ஆட்டுங்க, நான் சொல்ற வரைக்கும்."

இந்தச் சோதனையைத்தான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். பாரம் சில்லில் இருக்கும்போது மூட்டுகளின் தேய்மானம் மறைய முடியாது. ஒருவர் மேலே இருந்து ஆட்ட, மற்றவர் கீழே ஸ்டியரிங் தண்டிலிருந்து சில்லு வரை வரிசையாக விரல் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்து அசைகிறதோ, அங்கே ஆட்டம் இருக்கிறது. தண்டின் ரப்பர் கப்ளிங், பொக்ஸை செசியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பிடிக்கும் போல்ட்கள், அந்த இடத்தில் செசியில் வெடிப்பு, பிட்மன் ஆம், நடுத்தண்டு, ஐட்லர் ஆம், நடுத்தண்டிலிருந்து சில்லுகளுக்குப் போகும் டை ரொட் தண்டுகளின் முனை மூட்டுகளான நான்கு டை ரொட் எண்ட். ஒன்றையும் தாண்டக் கூடாது.

எனதில் பெரிய பங்கு ஐட்லர் ஆமுக்கு. நமது வண்டிகளில் பொக்ஸ் வலப்பக்கம் என்பதால் ஐட்லர் இடப்பக்க செசியில் இருக்கும். அதன் வேலை நடுத்தண்டின் மறுமுனையைத் தாங்குவது மட்டும்தான். அதனாலோ என்னவோ அதை யாரும் நினைப்பதில்லை. பாஸ் நடுத்தண்டைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிக் காட்டினார். நன்றாகவே ஏறி இறங்கியது. அப்படி ஏறி இறங்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் இடச் சில்லின் திசை மாறும், டிரைவர் ஒன்றும் செய்யாமலே. இடப்பக்க வெளி டை ரொட் எண்டும் போயிருந்தது. அதன் ரப்பர் கிழிந்து, உள்ளே கிறீஸுக்குப் பதில் சேறு. ஆமர் வீதியில் வெள்ளம் நிற்கும் நாட்களில் முழங்கால் தண்ணீரில் ஓடுகிற வண்டிக்கு அது ஆச்சரியமில்லை.

அதற்குப் பிறகுதான் ஜக். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், கொஞ்சம் ஆடியது. என்னை பிரேக்கை மிதிக்கச் சொன்னார், ஆட்டம் நின்றது. பிரேக்கில் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட் (சில்லைத் தாங்கும் மேல், கீழ் ஆம்களின் நுனியிலுள்ள குமிழ் மூட்டு). பெயாரிங்கைக் கழுவி, புதிதாகக் கிறீஸ் வைத்து இறுக்கியதோடு அது முடிந்தது. போல் ஜொயின்டைச் சோதிக்க ஜக் வைக்கும் இடம், டோர்ஷன் பார் மேல் ஆமில் பிடித்திருக்கிறதா கீழ் ஆமிலா என்பதைப் பொறுத்து மாறும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

சாமானுக்கு, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. பழைய உதிரியைக் கையோடு கொண்டுபோகாமல் அங்கே போகாதீர்கள். ஒரே மொடலிலேயே நீளமும் கூம்பின் அளவும் மாறும். எனக்குப் பழக்கமான கடை நானா பெட்டியைத் திறக்குமுன் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, ஜப்பானா, மத்ததா?" விலை வித்தியாசம் வாயடைக்க வைக்கும். டை ரொட் எண்டுக்கு ஜப்பானின் 555 பிராண்ட் எடுத்தேன். ஐட்லர் ஆமில் மட்டும் காசைப் பார்த்து, பழையதை லேத்தில் கொடுத்து பித்தளை புஷ் (தண்டு சுழலும் உள்வளையம்) போட்டேன்.

பாவனையின் தீர்ப்பு இதுதான்: டை ரொட் எண்ட்கள் இன்றுவரை அப்படியே இருக்கின்றன, ரப்பரும் கிழியவில்லை. பித்தளை புஷ் ஒரு மழைக்காலத்தைக்கூட ஒழுங்காகத் தாண்டவில்லை. பிறகு முழு ஐட்லர் ஆமையும் புதிதாகப் போட்டேன், அது நிற்கிறது. கடையில் வாங்கும்போது மூட்டைக் கையால் வளைத்துப் பாருங்கள்: எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும், ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும். லேசாக ஆடினால் பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் வேண்டாம்.

பூட்டும்போது இரண்டு விஷயம். காசல் நட்டை (தலையில் வெட்டுகள் உள்ள நட்) இறுக்கிய பின் ஸ்பிலிட் பின் போகும் துளை வெட்டுக்கு நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. ஸ்பிலிட் பின் எப்போதும் புதிது. பழைய பின்னை நிமிர்த்திப் போடும் கராஜில் வேறு எதையும் நம்ப மாட்டேன்.

இவ்வளவும் செய்தபின் வண்டி முக்கால்வாசி நேரானது. மிச்சக் கால்வாசிதான் என்னை அலைக்கழித்தது. நேராகப் போனால் ஒரு சின்ன ஆட்டம். இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் அது மறைந்து ஸ்டியரிங் இறுகும். மூட்டு எதுவும் ஆடவில்லை. பாஸ் ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எண்ணிக்கொண்டே திருப்பி, பாதியில் நிறுத்தினார். சில்லைப் பார்த்தால் நேரில் இல்லை. கால் சுற்றுக்குக் கிட்ட வித்தியாசம்.

நடந்தது விளங்கிவிட்டது. எனக்கு முன் வைத்திருந்தவர் காலத்தில் எலைன்மன்ட் (சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை) செய்த யாரோ ஸ்டியரிங் கோணலாக வந்ததைப் பார்த்து, டை ரொட்டைச் சரிசெய்யாமல், ஸ்டியரிங்கைக் கழற்றி நேராக மாட்டிவிட்டிருக்கிறார். பார்வைக்கு நேர். உள்ளே பொக்ஸ் தன் நடுவில் இல்லை. இறுக்கமாக இருக்க வேண்டிய இடம் வளைவில் வருகிறது, தளர்வாக இருக்க வேண்டிய இடம் நேர் ரோட்டில் வருகிறது. இந்த நிலையில் எத்தனை தரம் ஸ்க்ரூவை இறுக்கினாலும் தப்பான இடத்தைத்தான் இறுக்குகிறோம்.

திருத்தம் இலேசு. பிட்மன் ஆமின் அடையாளக்கோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பொக்ஸை நடுவில் நிறுத்தி, ஒரு டை ரொட்டை நீட்டி மற்றதை அதே அளவு குறைத்து, சில்லை நேராக்கினார். ஸ்டியரிங்கைக் கழற்றி அந்த நேருக்கு மாட்டினார். கடைசியாகத்தான் பொக்ஸ் ஸ்க்ரூ, அதுவும் ஒரு இழை, சில்லு நேராக நிற்கையில். பிறகு டோர்ஷன் பார் உயரத்தை இரு பக்கமும் சமமாக்கி எலைன்மன்டுக்கு அனுப்பினார். உயரம் மாறினால் எலைன்மன்ட் மாறும் என்பதால் இந்த வரிசை முக்கியம். ஆட்டத்தோடு எலைன்மன்ட் செய்வது காசைக் கடலில் போடுவதுதான். மெஷின் காட்டும் அளவு கடைவாசல் தாண்டுமுன் மாறிவிடும். எலைன்மன்ட் செய்யும் பையனிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்: ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டாம், கோணல் வந்தால் டை ரொட்டில் எடு.

இப்போது அனுராதபுரம் தாண்டிய நேர் ரோட்டில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு போகலாம். புதுக் கெப்பின் ரெக் ஸ்டியரிங் தரும் கூர்மை வராது. இந்த அமைப்பில் கொஞ்சம் தளர்வு பிறவியிலேயே உண்டு, அதை எதிர்பார்த்துச் செலவழிப்பது வீண். டயர்களின் உள்விளிம்பு தேய்வது நின்றிருக்கிறது. முன்பு ஒரு சோடி டயருக்குப் போன காசை நினைத்தால் ஐட்லர் ஆம் மலிவு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டையை விரித்து நானே கீழே படுத்து, மகனை மேலே ஏற்றி ஆட்டச் சொல்கிறேன்.

மிச்சம் இருப்பது பொக்ஸின் அடிச் சீலில் ஒரு கசிவு. பவர் ஸ்டியரிங் ஒயில் அவ்வப்போது ஊற்றுகிறேன். சீலை மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை, செக்டர் ஷாஃப்டின் பெயாரிங் தேய்ந்திருந்தால் புதுச் சீலும் கொஞ்ச நாளில் கசியும் என்கிறார் பாஸ். ஜப்பானும் நம்மைப் போல வலப்பக்க ஸ்டியரிங் நாடு என்பதால் ரீகண்டிசன் பொக்ஸ் பஞ்சிகாவத்தையில் கிடைக்கிறது. மேசையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, நடுவில் லேசான இறுக்கம் தெரிகிற ஒன்று வந்தால் எடுத்து வைக்கும்படி நானாவிடம் சொல்லியிருக்கிறேன்.