எதிரணி பெரிய அணி என்றால் டிக்கெட் விலை ஏற வேண்டுமா?

ஒரே மைதானம், ஒரே இருக்கை, அதே தொண்ணூறு நிமிட ஆட்டம். எதிரே இறங்குவது யார் என்பதைப் பொறுத்து டிக்கெட் விலை மட்டும் மாறுகிறது. மான்செஸ்டர் யுனைடெட் வந்தால் ஒரு விலை, பர்ன்லி வந்தால் இன்னொரு விலை. இங்கிலாந்தில் பல கால்பந்து கிளப்புகள் வருடக்கணக்கில் இப்படித்தான் விற்கின்றன. ஆட்டங்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்து, தரத்துக்கு ஒரு விலை வைத்துவிடுகிறார்கள்.

இதற்குப் போட்டியாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, யார் வந்தாலும் ஒரே விலை. மற்றொன்று, விமான டிக்கெட் மாதிரி ஆள் சேரச் சேர ஏறி, ஆள் வராவிட்டால் இறங்கும் விலை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கிளப்புக்கு எவ்வளவு வசூல் என்பதைவிட, யார் தலையில் பாரம் விழுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே விலை. மற்ற இரண்டுக்கும் ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் லேசானவை அல்ல, அதனால் அவற்றையும் நியாயமாகவே பார்க்கலாம்.

தரம் பிரித்து விற்பது

கிளப் தரப்பு சொல்வது இதுதான். பெரிய ஆட்டத்துக்கு மைதானத்தில் இருக்கும் இடத்தைப் போலப் பல மடங்கு பேர் டிக்கெட் கேட்கிறார்கள். புதன்கிழமை ராத்திரி, குளிரில், அட்டவணையின் அடியில் கிடக்கும் அணியோடு ஆட்டம் என்றால் இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. பெரிய ஆட்டத்தில் கூட வாங்கி, சின்ன ஆட்டத்தில் குறைத்துக் கொடுத்தால், கையில் காசு குறைவாக இருப்பவரும் வருடத்தில் ஓரிரு முறையாவது உள்ளே வரலாம்.

இதில் உண்மை இருக்கிறது. அர்செனல் இந்த முறையில் ஊறிப்போன கிளப். 2014இல் பிபிசி எடுத்த விலைக் கணக்கெடுப்பில் அங்கே மிகக் குறைந்த டிக்கெட் 27 பவுண்ட், மிக உயர்ந்தது 97 பவுண்ட். லண்டனில் 27 பவுண்டுக்கு முதல் நிலை கால்பந்து என்பது மோசமான விலை இல்லை. மான்செஸ்டர் யுனைடெட் கதை இன்னும் தெளிவு. 2024 நவம்பரில், சீசன் நடுவில், உறுப்பினர்களுக்கான மீதி டிக்கெட்டுகளை எல்லாம் 66 பவுண்ட் என்று ஒரே விலையாக்கினார்கள். சிறுவர், முதியவர் சலுகைகூட இல்லை. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 2025-26 சீசனுக்கு அவர்களும் தரம் பிரிக்கும் முறைக்கு மாறினார்கள்: இருக்கையையும் எதிரணியையும் பொறுத்து 37 முதல் 97 பவுண்ட் வரை. 66 பவுண்ட் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு 37 பவுண்ட் டிக்கெட் ஒரு நிம்மதிதான். ஒரே விலை என்று சொல்லிக்கொண்டே அந்த விலையை எட்டாத உயரத்தில் வைத்தால் அதில் நியாயம் ஏதும் இல்லை என்பதற்கும் இதுவே சாட்சி.

சரி, அப்புறம் என்ன குறை?

முதல் குறை, சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு இந்தத் தரம் பிரிப்பு அவ்வளவாக உறைப்பதில்லை. எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து மொத்தமாகக் கட்டிவிடுகிறார். ஏ, பி, சி எல்லாம் உறைப்பது, சீசன் டிக்கெட் கிடைக்காமல் வருடக்கணக்கில் காத்திருப்பவருக்கும், தேர்ந்தெடுத்து ஓரிரு ஆட்டம் மட்டும் போகிறவருக்கும்தான். அவர் பெரும்பாலும் தன் பையனுக்கு ஒரு டெர்பியை, அதாவது பக்கத்துப் பக்கத்து அணிகள் மோதும் ஆட்டத்தை, காட்ட வேண்டும் என்று நினைக்கிற ஆள். சலுகை விலையில் கிடைப்பது அவர் ஆசைப்பட்ட ஆட்டம் அல்ல. மேசையில் ஓரத்து இடம் கொடுத்துவிட்டு, சாப்பாடு எல்லோருக்கும் உண்டு என்று சொல்வது போலத்தான் இது.

இரண்டாவது குறை என்னை இன்னும் உறுத்துகிறது. 2016 வரை பெரிய கிளப்பின் ரசிகர் வெளியூருக்குப் போனால், அவர் போன இடமெல்லாம் ஏ தரமாகத்தான் இருந்தது. அவருடைய அணிதானே அந்த ஆட்டத்தைப் பெரிய ஆட்டமாக்குகிறது! 2013 ஜனவரி 13 அன்று மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள் அர்செனலின் எமிரேட்ஸ் மைதானத்துக்குப் போனபோது டிக்கெட் 62 பவுண்ட். ரயில் கட்டணம், சாப்பாடு தனி. சிட்டி அப்போது நடப்பு சாம்பியன். இருந்தும் ஒதுக்கப்பட்ட சுமார் 3,000 டிக்கெட்டுகளில் 912 டிக்கெட்டுகளை விற்க முடியாமல் திருப்பி அனுப்பினார்கள். வந்தவர்கள் "62 பவுண்ட், இது எங்கே போய் நிற்கும்?" என்று கேட்கும் பதாகையை விரித்தார்கள். ஆட்டம் முடிந்து சிட்டி வீரர்கள் வெளியேறும்போது, துணை நடுவர் ஒருவர் அவர்களிடம், அங்கே இருப்பவர்கள் 62 பவுண்ட் கொடுத்து வந்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று சொன்னது கேமராவில் பதிவாகிவிட்டது. அவருக்குத் தரப்பட்டிருந்த அடுத்த ஆட்டப் பொறுப்பு பறிபோனது.

அர்செனல் இதில் விதி எதையும் மீறவில்லை. உள்ளூர் ரசிகரிடம் அதே தரமான இருக்கைக்கு வாங்குவதைவிட வெளியூர் ரசிகரிடம் அதிகம் வாங்கக் கூடாது என்பது இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கின் விதி. ஆனால் எதிரணியைப் பார்த்து உள்ளூர் விலையே ஏறும்போது அந்த விதி யாரைக் காப்பாற்றும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1983 வரை இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் டிக்கெட் வசூலில் ஒரு பங்கு வருகிற அணிக்குப் போனது. பெரிய அணி வந்ததால் கூட்டம் கூடினால், அதன் பலன் அந்த அணிக்கும் கொஞ்சம் கிடைத்தது. அந்தப் பங்கீடு நின்றபின் வசூல் முழுவதும் உள்ளூர் கிளப்புக்குத்தான். ஆக, லிவர்பூல் என்ற பெயரைக் காட்டி லிவர்பூல் ரசிகரிடமே கூடுதல் பணம் வாங்கி, அதை லிவர்பூலோடு மோதும் கிளப் எடுத்துக்கொண்டது. இதை யோசிக்க யோசிக்க எனக்கு ஆறவில்லை.

இந்த ஒரு விஷயத்தில் ரசிகர்கள் ஜெயித்தார்கள். வெளியூர் டிக்கெட் இருபது பவுண்ட் போதும் என்று ரசிகர் கூட்டமைப்பு 2013இல் தொடங்கிய இயக்கம், 2016-17 சீசனில் 30 பவுண்ட் உச்சவரம்பாக வந்து நின்றது. அதன்பின் எமிரேட்ஸ் ஆனாலும் பர்ன்லி ஆனாலும் வெளியூர் ரசிகருக்கு 30 பவுண்டுக்கு மேல் கிடையாது. அதாவது, மைதானத்தின் ஒரு மூலையில் தரம் பிரிப்பு செல்லாது என்று லீக்கே ஒப்புக்கொண்டுவிட்டது. மற்ற மூலைகளில் மட்டும் ஏன் செல்ல வேண்டும் என்று யாரும் எனக்கு ஒப்புக்கொள்ளும்படி சொன்னதில்லை.

யார் வந்தாலும் ஒரே விலை

இந்த வழிக்கு லிவர்பூல்தான் நல்ல உதாரணம். 2016இல் விரிவாக்கப்பட்ட மெயின் ஸ்டாண்ட் என்ற பார்வையாளர் பகுதிக்கு 77 பவுண்ட் வரை டிக்கெட் என்று கிளப் அறிவித்தது. பிப்ரவரி 6, சண்டர்லாந்து அணியோடு லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. 77ஆவது நிமிடம் வந்ததும் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். தன் அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது எவ்வளவு கஷ்டம் என்று கால்பந்து பார்ப்பவருக்குத் தெரியும். ஆட்டம் 2-2 என்று முடிந்தது.

நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். உச்ச விலையை 59 பவுண்டிலேயே நிறுத்தி, இரண்டு சீசனுக்கு ஏற்றம் இல்லை என்றார்கள். செய்திகளில் அதிகம் பேசப்படாத இன்னொரு வரியும் அந்த அறிவிப்பில் இருந்தது: எதிரணியை வைத்துத் தரம் பிரிப்பது இனி இல்லை, யாரோடு ஆடினாலும் ஒரே விலை. அந்த அறிவிப்பில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இந்த வரிதான்.

ஒரே விலையின் பலம், ரசிகர் திட்டம் போட முடியும் என்பது. மாதம் இவ்வளவு ஒதுக்கினால் இத்தனை ஆட்டம் என்று கணக்குச் சொல்லிவிடலாம். அப்புறம், யாரை ஜெயித்தாலும் மூன்று புள்ளிதான். டிக்கெட் விலையும் அதையே சொல்கிறது.

பலவீனமும் உண்டு. விலை கட்டுப்பட்டிருக்கும்போது டிக்கெட் யாருக்கு என்பதை வேறு ஏதாவது தீர்மானிக்க வேண்டும். குலுக்கல், உறுப்பினர் வரிசை, கடந்த சீசனில் எத்தனை ஆட்டத்துக்கு வந்தார் என்ற பதிவு என்று ஏதோ ஒன்று. புதிதாக வருபவருக்கு, அதிலும் நம் ஊரிலிருந்து ஒருமுறை போய்ப் பார்க்க நினைப்பவருக்கு, பெரிய ஆட்டத்தின் டிக்கெட் எட்டாக்கனி. பிளாக்கில் விற்பவர்கள் அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடுவார்கள் என்பதும் பொருளாதாரம் படித்தவர்கள் வழக்கமாகச் சொல்வது. இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வதே குற்றம், 1994 சட்டப்படி. அது பிளாக்கை ஒழித்துவிடவில்லைதான். ஆனாலும் பணம் உள்ளவர் முதலில் என்பதைவிட, விடாமல் வந்தவர் முதலில் என்பது எனக்கு ஏற்புடைய வரிசை.

கிளப்புக்கு நஷ்டமாகாதா என்றால், பிரீமியர் லீக்கின் 2016-19 உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 513.6 கோடி பவுண்டுக்கு விற்றது. ஏ தரத்துக்கும் சி தரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் வரும் தொகை இதற்குப் பக்கத்தில் வைக்கும் அளவுக்கு இல்லை. டிக்கெட் வாங்குபவரின் மாதச் சம்பளத்தில்தான் அது பெரிய தொகை.

ஜெர்மனியிலும் இதே சண்டை நடந்தது. பெரிய ஆட்டத்துக்கென்று கூடுதல் கட்டணம் வைத்ததில் நின்று பார்க்கும் இடத்துக்கே 20 யூரோவைத் தாண்டியதால், 2010இல் டோர்ட்மண்ட் ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஷால்கே மைதானத்தில் நடந்த டெர்பியையே புறக்கணித்தார்கள். டெர்பியைப் புறக்கணிப்பது அந்த ஊர்க்காரருக்குச் சின்ன விஷயம் இல்லை. லிவர்பூல் ரசிகர்கள் வெளிநடப்பு செய்த மூன்றாம் நாள், ஸ்டுட்கார்ட்டில் நடந்த கோப்பை ஆட்டத்தில் டோர்ட்மண்ட் ரசிகர்கள் விலையை எதிர்த்து டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் எறிந்தார்கள்.

ஸ்பெயினில் சில கிளப்புகள் வைத்திருக்கும் வழக்கம் இதைவிட மோசம். வருடம் முழுவதற்கும் பணம் கட்டியவர்கூட, கிளப் குறித்து வைத்த ஓரிரு ஆட்டங்களுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அந்த ஆட்டங்கள் பெரும்பாலும் ரியல் மாட்ரிட்டோ பார்சிலோனாவோ வருகிற நாளாகத்தான் இருக்கும்.

ஏறி இறங்கும் விலை

இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. ஒரு உதாரணமே போதும். 2025 கிளப் உலகக் கோப்பை அரையிறுதி, செல்சீ எதிர் ஃப்ளுமினென்சே. ஒரு கட்டத்தில் 473.90 டாலராக இருந்த டிக்கெட், ஆட்டம் நெருங்கியபோது 13.40 டாலருக்கு விழுந்தது. கடைசி நேரத்தில் வாங்கியவருக்கு நல்லதுதான். அணி மேல் உயிரையே வைத்து, விற்பனை தொடங்கிய நாளே வாங்கியவர்தான் இதில் ஏமாந்தவர்.

2026 உலகக் கோப்பையில் ஃபிஃபா இரண்டு முறையையும் கலந்துவிட்டது. முந்தைய கோப்பைகளில் தொடக்க ஆட்டம் தவிர குழு ஆட்டங்களுக்கு ஒரே விலைப் பட்டியல்தான் இருந்தது. இம்முறை எந்த அணிகள் ஆடுகின்றன என்பதைப் பொறுத்து விலை மாறியது. எதிர்ப்பு கிளம்பியபின், 2025 டிசம்பரில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் டிக்கெட்டுகளை 60 டாலருக்குத் தருவதாக அறிவித்தார்கள். எதிரணி யாராக இருந்தாலும் அந்த 60 டாலர் மாறாது என்பதைக் கவனியுங்கள்.

தரம் பிரித்தே தீருவோம் என்றால்

எல்லாக் கிளப்பும் லிவர்பூல் வழிக்கு வந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யுனைடெட் எதிர்த் திசையில்தான் போயிருக்கிறது. அப்படியானால் ரசிகர் அமைப்புகள் பிடித்துக்கொள்ள வேண்டியது ஏ தரத்தின் விலையைவிட, எண்ணிக்கையை. பிரீமியர் லீக்கில் ஒரு அணிக்குச் சொந்த மைதானத்தில் 19 ஆட்டம். அதில் ஏ எத்தனை, சி எத்தனை என்று வருடா வருடம் எண்ண வேண்டும். விலைப் பட்டியலில் ஒரு பவுண்டுகூட ஏற்றாமல், இரண்டு ஆட்டங்களை பி தரத்திலிருந்து ஏ தரத்துக்கு நகர்த்தினாலே அது விலையேற்றம்தான், செய்தியில் வராத விலையேற்றம். தரங்களை சீசன் தொடங்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. ஏ விலை சி விலையின் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. சிறுவர் டிக்கெட்டுக்குத் தரமே கூடாது, 19 ஆட்டத்துக்கும் ஒரே விலைதான் இருக்க வேண்டும்.