ரூகர் 10/22: முதல் செலவு தோட்டாவுக்கு, மற்றவை பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே உள்ள ஒரு தோட்டத்தில் நான் இருபத்தெட்டு ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்கு எழுத்தராக, இருந்தேன். அலுவலக மூலையிலிருந்த இரும்பு அலமாரியில் தோட்டத்தின் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கும். காட்டுப்பன்றி செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்றுவிட்டால், காவலாளியான ஜாகா வந்து எத்தனை தோட்டா பெற்றுச் சென்றார், மறுநாள் எத்தனை வெற்று உறைகளைத் திருப்பித் தந்தார் என்பதைப் பேரேட்டில் எழுதி வைப்பதும், உரிமத்தைப் புதுப்பிக்கக் காவல் நிலையத்துக்கு நடையாய் நடப்பதும் என் வேலை. ஆகவே துப்பாக்கி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கணக்குதான். இந்த மதிப்புரையும் அந்தப் பழக்கத்தில்தான் எழுதப்படுகிறது.

என் தங்கை மகன் நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் ஓர் ஆட்டுப்பண்ணையில் வேலை செய்கிறான். அங்கே முயல் என்பது குழந்தைகள் கொஞ்சும் பிராணி அன்று. ஆடு மேயவேண்டிய புல்லை மேய்ந்து, மண்ணைக் குடைந்து, மேட்டு நிலத்தையே பாழாக்கும் கேடு. அதற்காக அவன் உரிமத்தோடு வாங்கி வைத்திருப்பது ரூகர் 10/22 என்னும், சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கி. ஆறு வாரம் அவனோடு தங்கியிருந்தபோது, அவன் என் தோளுக்குப் பக்கத்திலேயே நின்று மேற்பார்வையிட, அதை நானும் நிறையச் சுட்டுப் பார்த்தேன். அந்நாட்டுச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் அப்படித்தான் சுடலாம். இங்கிருந்து பிள்ளைகளை அந்த நாட்டுக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நம் ஊரில் பல இருப்பதாலும், ஊர் திரும்பியதும் ஒட்டுக்கடையில் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்ட கேள்விகள் முடியாததாலும் இதை எழுதுகிறேன்.

1964-ஆம் ஆண்டிலிருந்து இந்தத் துப்பாக்கி அமெரிக்காவில் தயாராகி வருகிறது. எடை ஏறத்தாழ இரண்டேகால் கிலோ, குழல் 18.5 அங்குலம், தோட்டா அடைக்கும் பெட்டியான மேகசின் தட்டையானது; பத்துத் தோட்டாக்கள் ஒரு சக்கரத்தைச் சுற்றி அடுக்காக நிற்கும் அது, தோளில் அணைக்கும் கட்டைக்கு வெளியே துருத்தாமல் உள்ளேயே அடங்கிவிடுகிறது. குழலை இரண்டு திருகுகளும் ஓர் உலோகத் துண்டும் பிடித்திருக்கின்றன; விரலால் அழுத்திச் சுடும் விசையின் தொகுதி முழுவதையும் இரண்டு ஊசிகள் பிடித்திருக்கின்றன. சாதாரணக் கருவிகளைக் கொண்டே எதையும் கழற்றி மாற்றலாம் என்பதுதான் இதற்கென்று ஒரு பெரும் உதிரிபாகச் சந்தையே உருவானதற்குக் காரணம். அந்த வசதியே வாங்கியவரின் பணப்பைக்கு எதிரியாகவும் ஆகிவிடுகிறது என்பதை என் மருமகனின் கடன் அட்டைக் கணக்கைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

இருபத்தைந்து தோட்டா கொள்ளும் நீள மேகசினைப் பற்றி இங்கே ஓர் இளைஞர் ஆர்வமாகக் கேட்டார். நியூசிலாந்தில் 2019-இல் சட்டம் கடுமையானபோது அரைத் தானியங்கிகளுள் பெரும்பாலானவை தடைசெய்யப்பட்டன; இந்த ரூகர் போன்ற .22 விளிம்புத் தோட்டாத் துப்பாக்கிக்கு விலக்கு கிடைத்தாலும், மேகசின் பத்துத் தோட்டாவைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையும் அதோடு சேர்ந்தே வந்தது. ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பத்துத் தோட்டாவுக்குள் முயல் விழவில்லையென்றால் பதினொன்றாவதிலும் விழாது.

இனித் தோட்டாவுக்கு வருவோம்; இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதற்கே உரியது.

இது சுடும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் பிறந்தது. நம் தோட்டத்துத் துப்பாக்கியின் தோட்டாவில் தட்டும் ஊசி அடிப்பகுதியின் நடுவில் விழும். இதிலோ விளிம்பில் விழும். பற்றவைக்கும் மருந்து அந்த மெல்லிய விளிம்பின் உட்பள்ளத்தில் வட்டமாகப் பரப்பப்பட்டிருக்கிறது. அது எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருக்கிறதா என்பதில்தான் மலிவுத் தோட்டாவும் உயர்ந்த தோட்டாவும் பிரிகின்றன. ஓரிடத்தில் மெலிந்திருந்தால் மருந்து ஒருமுறை வேகமாகவும் மறுமுறை மந்தமாகவும் எரியும். குண்டின் வேகம் மாறும். தாளில் துளைகள் மேலும் கீழுமாகச் சிதறும். அறவே மருந்து படாத இடத்தில் ஊசி தட்டினால் வெடிக்கவே வெடிக்காது. வெடித்து முடிந்த உறையை மறுபடி நிரப்புவதும் நடைமுறைக்கு ஒத்துவராது.

நாங்கள் மூன்று வகைகளை ஐம்பது மீட்டரில், மணல் மூட்டைமேல் துப்பாக்கியைத் தாங்கலாக வைத்து, ஐந்தைந்து குண்டுகளாகச் சுட்டோம். முதல் வகை, பெரிய பெட்டியில் அளந்து கொட்டியதுபோல் விற்கப்படும் மலிவுத் தோட்டா. அதன் பெயர் இங்கே வேண்டாம். ஐந்து துளைகளின் மேல் ஓர் உளுந்து வடையை வைத்தால் சில சமயம் மறைந்தன, சில சமயம் வடைக்கு வெளியே ஒன்று எட்டிப் பார்த்தது. இரண்டு மேகசினுக்கு ஒருமுறையாவது ஒன்று வெடிக்காமல் நின்றது. வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து அரை நிமிடமாவது காத்திருக்கவேண்டும் என்று மருமகன் ஒவ்வொரு முறையும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். மலிவு என்று வாங்கியதில் நேரம் எவ்வளவு போயிற்று என்பதைப் பெட்டியின் விலைச்சீட்டு காட்டாது.

இரண்டாவது சி.சி.ஐ. நிறுவனத்தின் மினி-மேக். நாற்பது கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ள செப்புமுலாம் பூசிய குண்டு. நொடிக்கு 376 மீட்டர் வேகம். இந்தத் துப்பாக்கியில் வெடிப்பின் உந்துவிசையே, தோட்டாவின் பின்னால் மூடி நிற்கும் பூட்டுக் கட்டையைப் பின்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. ஆகவே தோட்டாவில் போதிய வலு இல்லையென்றால் உறை பாதியில் சிக்கி, புகைக்கூண்டுபோல் செங்குத்தாக நிற்கும். மினி-மேக்கில் அப்படி ஒருமுறைகூட நிகழவில்லை. அதே நிறுவனம் மிகக் குறைந்த ஓசைக்கென்று செய்யும் நொடிக்கு 216 மீட்டர் வேகத் தோட்டாவோ ஒற்றைத் தோட்டா மற்றும் கையால் பூட்டை இழுத்து ஏற்றும் துப்பாக்கிகளுக்கு உரியது. அதை இதில் போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துக்கொண்டிருந்தால் குறை துப்பாக்கியிலும் இல்லை, தோட்டாவிலும் இல்லை.

மூன்றாவது, ஜெர்மனியின் ஷோனெபெக் நகரில் செய்யப்படும் எஸ்.கே. ஸ்டாண்டர்டு பிளஸ். விலை மலிவு வகையைவிடக் கூடுதல். மெழுகுபோன்ற பூச்சு விரலில் ஒட்டும். ஆனால் முதல் பதினைந்து குண்டுகளுக்குப் பிறகு, குழலின் உட்புறம் அந்தப் பூச்சுக்குப் பழகியதும், ஐந்து துளைகள் ஒரே கிழிசலாக வந்தன. ஐம்பது சென் காசை மேலே வைத்து மூடினேன், மூடிற்று. அந்தத் தாளை மடித்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. வேகமான குண்டைத்தான் காற்று குறைவாகத் தள்ளும் என்று நானும் நினைத்திருந்தேன். இந்தத் தோட்டாவில் நடப்பது நேர்மாறு. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்படும் குண்டு, அந்த எல்லைக்குக் கீழே இறங்கும்வரை காற்றின் எதிர்ப்பை மிகக் கடுமையாகச் சந்தித்து வேகத்தை விரைவில் இழக்கிறது. பக்கவாட்டுக் காற்று அதை எவ்வளவு ஒதுக்கும் என்பது அப்படி இழந்த நேரத்தைப் பொறுத்தது. ஒலிக்குக் கீழேயே புறப்படும் மெதுவான குண்டு அந்தத் தொல்லையைச் சந்திப்பதேயில்லை. காற்றடிக்கும் நாளில் குறைவாகவே விலகுகிறது. ஒலிம்பிக் 50 மீட்டர் போட்டியாளர்கள் மெதுவான தோட்டாவையே நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலியின் வேகமும் நிலையானதன்று. சுங்கை சிப்புட்டின் முப்பது பாகை வெயிலில் அது நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். ஒட்டாகோவில் உறைபனி படிந்த காலையில், பூஜ்ஜியப் பாகையில், 331 மட்டுமே. நொடிக்கு 326 மீட்டர் என்று பெட்டியில் அச்சிட்ட சாதாரண வேகத் தோட்டா நம் ஊர் வெயிலில் எல்லைக்கு வெகு கீழே இருக்கும். அங்கே விடியற்காலையில் எல்லையைத் தொட்டும் தொடாமலும் போகும். ஒரு காலையில் சில குண்டுகள் மட்டும் சாட்டை சொடுக்கினாற்போல் ஒலித்ததன் மர்மம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஐம்பது மீட்டருக்குக் குறி சரிசெய்துவிட்டு நூறு மீட்டரில் சுட்டால் மெதுவான குண்டு ஏறத்தாழ ஒரு சாண் கீழே விழும். வேகமானது சற்றுக் குறைவாக விழும். எழுபது மீட்டருக்குமேல் முயலைச் சுடுவதில்லை என்று மருமகன் வைத்திருக்கும் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். காயத்தோடு வளைக்குள் ஓடி ஒளியும் பிராணி யாருக்கும் பயன்படாது.

மேம்பாடுகளைப் பற்றிச் சொல்வதற்கு அவ்வளவு இல்லை. பணத்துக்கு மதிப்புள்ளவை மூன்று. முதலாவது விசை. தொழிற்சாலையிலிருந்து வரும் விசையை அழுத்த ஏறத்தாழ ஆறு பவுண்டு அழுத்தம் வேண்டும். இத்தனை இலேசான துப்பாக்கியில் அந்த அழுத்தமே குறியை அசைத்துவிடுகிறது. ரூகர் நிறுவனமே விற்கும் பி.எக்ஸ். விசைத் தொகுதி அதை ஏறக்குறைய பாதியாக்குகிறது. இரண்டு ஊசிகளைத் தட்டி எடுத்து, பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினால் வேலை முடிந்தது. செலவை மிச்சப்படுத்த எண்ணி உள்ளிருக்கும் கொக்கியை அரம்கொண்டு தேய்ப்போரும் உண்டாம். அப்படித் தேய்த்த துப்பாக்கி பாதுகாப்புப் பூட்டையும் மீறி வெடிக்கலாம். ஒருமுறை அழுத்தினால் இருமுறையும் வெடிக்கலாம். அதைத் தொடவே கூடாது.

இரண்டாவது, பூட்டுக் கட்டை பின்னால் சென்று மோதும் இரும்பு ஊசிக்குப் பதிலாகப் போடும் நெகிழி ஊசி. விலை அற்பம். இரும்பில் இரும்பு மோதும் ஓசை போய்விடுகிறது. மூன்றாவது தொலைநோக்கிக் கண்ணாடி. அதில் பெருக்கத்தைக் காட்டிலும் கவனிக்கவேண்டியது, அது எந்தத் தொலைவுக்குச் சீரமைக்கப்பட்டது என்பதே. பெருந்துப்பாக்கிகளுக்கான கண்ணாடிகள் பெரும்பாலும் நூறு கஜத்துக்குச் சீரமைக்கப்பட்டவை. அவற்றை வைத்து நாற்பது கஜத்தில் பார்த்தால், கண்ணை இம்மி நகர்த்தினாலும் குறிக்கோடு முயலின்மேல் நகர்கிறது. ஐம்பது கஜத்துக்கென்று .22 துப்பாக்கிகளுக்காகச் செய்யப்பட்ட நான்கு மடங்குக் கண்ணாடி போதும். மருமகன் இணையத்தில் ஏதோ ஒரு கடையில் மலிவாக வாங்கிய முதல் கண்ணாடியின் பிடிவளையம் நூறு குண்டுகளுக்குள் நழுவி, ஒரு பிற்பகல் முழுவதும் எங்களைத் துப்பாக்கியின்மேல் பழிபோட வைத்தது.

தடித்த குழல் நல்லதுதான், மேசையில் வைத்துச் சுடுவோருக்கு. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறுபவருக்கு அன்று. வண்ண வண்ணப் பூட்டுக் கைப்பிடி, துளையிட்ட உலோகக் கட்டை ஆகியவற்றைப் பற்றி எழுத எனக்கு மை இல்லை. துடைப்பதைப் பொறுத்தவரை, தோட்டா அமரும் அறையையும் பூட்டுக் கட்டையின் முகத்தையும் அடிக்கடி துடைக்கவேண்டும். குழலுக்குள் அவ்வளவு அடிக்கடி கம்பி நுழைக்கத் தேவையில்லை. குண்டு ஈயம், பற்றவைக்கும் மருந்திலும் ஈயக் கலவை உண்டு என்பதால் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும்.

இவ்வளவையும் ஒட்டுக்கடையில் சொல்லி முடித்தபோது, எங்கள் தோட்டத்தின் பழைய ஜாகா, இப்போது எண்பதைத் தொட்டவர், தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கிராணி ஐயா, தவறிப்போன குண்டு எங்கே போய் விழும்?" அவர் கேட்டதுதான் சரி. தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் என்று எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. நம் கணக்கில் 2.4 கிலோமீட்டர். கல்லிலோ தண்ணீரிலோ சாய்வாகப் பட்டால் திசைமாறியும் போகும். ஒட்டாகோவில் எப்போதும் பின்னால் ஒரு குன்று இருந்தது. குன்று இல்லாத திசையில் மருமகன் சுடவிடவேயில்லை. நம் தோட்டத்தில் பின்னால் இருப்பது லயத்து வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி. விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்மரக் காட்டுக்குள் நிற்கும் பெண்கள். தோட்டத்துத் துப்பாக்கியின் ரவைகள் இவ்வளவு தொலைவு போவதில்லை. அனுமதி கிடைக்கிறதென்று வைத்துக்கொண்டாலும் இந்தத் துப்பாக்கியை நம் நிலத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அங்கே போய்ச் சுட்டு வருவோருக்கு ஒன்று. கிளம்புமுன் பையையும் குளிர்ச்சட்டைப் பைகளையும் இருமுறை உதறிப் பாருங்கள். ஓர் அங்குல நீளமே உள்ள ஒரு தோட்டா மூலையில் ஒளிந்திருந்தாலும், மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் ஏழாண்டு வரை சிறையோ பத்தாயிரம் வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நான் விமான நிலையத்துக்குக் கிளம்பியபோது என் சட்டைகளை உதறியது தங்கை. ஒன்றும் விழவில்லை, ஆனால் அவள் விடவில்லை.

சென்ற வாரம் மருமகன் தான் வாங்கவிருக்கும் பொருள்களின் பட்டியலை அனுப்பி, "மாமா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தான். கரிநாரிழைக் குழல், புதிய கட்டை, நீட்டிய மேகசின் விடுவிப்பான், தோட்டா ஐம்பது. குளிரில் கையுறையோடு மேகசினைக் கழற்ற உதவும் என்பதால் விடுவிப்பானை மட்டும் விட்டுவைத்தேன். மற்றவற்றைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஐம்பதை ஐந்நூறாகத் திருத்தி, எல்லாப் பெட்டிகளும் ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணாக இருக்கட்டும் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.