வீட்டு வெளிச்சம்: 2700 கெல்வினா, 6500 கெல்வினா?

விளக்கின் உறையில் காணப்படும் கெல்வின் எண், கரும்பொருள் (தன் மீது படும் ஒளி முழுவதையும் உறிஞ்சும் கற்பனைப் பொருள்) ஒன்றை எந்த வெப்பநிலைக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ அதே நிறத்தில் ஒளிருமோ அதைக் குறிப்பதால், எண் கூடக்கூட ஒளி நீலத்தை நோக்கி நகர்கிறது. இதமான மஞ்சளுக்குத்தான் குறைந்த எண் என்பது சற்றே வேடிக்கை.

2700 கெல்வின் விளக்கு பழைய இழை பல்பின் நிறத்தைத் தருவதால் படுக்கையறைக்குப் பொருந்தும். 6500 கெல்வின் விளக்கோ பகல் வெளிச்சத்தை ஒத்தது. எல்.இ.டி.யின் நீல ஒளியைப் பிற நிறங்களாக மாற்றும் பாஸ்பர் பூச்சு இதில் குறைவாகவே மாற்றுவதால், இந்த விளக்கு அதே வாட்டில் பெரும்பாலும் சற்றுக் கூடுதல் வெளிச்சமும் தரும். ஆனால் விழித்திரையில் 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை உணரும் செல்கள் உண்டு. இரவில் அவை தூண்டப்பட்டால் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறையும் என்பதால், அந்த வெண்மையைப் பகல்நேர வேலை மேசையோடு நிறுத்திக்கொள்வதே என் தேர்வு. துணியின் நிறம் சரியாகத் தெரிவது கெல்வினைச் சார்ந்தது மட்டுமன்று. பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் நிறவெளிப்பாட்டுக் குறியீட்டையும் (CRI) பார்க்க வேண்டும்.

திரைகளுக்கு 6500 கெல்வினே பொது அளவுகோல். படம் திருத்துவோர் அதை மாற்றலாகாது. மற்றவர்கள் இரவுப் பயன்முறையை இயக்கலாம், ஆனால் பிரகாசத்தைக் குறைக்காமல் திரையை மஞ்சளாக்குவதால் மட்டும் பெரும்பயன் இல்லை.