பிளேடு நல்லது, மாட்டிக்கொடுத்த விதம்தான் சரியில்லை

பெங்களூரில் ஹொசக்கோட்டே பக்கம் ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளாண்ட்டில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மழை பெய்துவிட்டால் எம்-சாண்ட் இட்லி மாவு மாதிரி, அதைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டில் ஒட்டிக்கொள்ளும். ஹெட் புல்லியில் (மண் கொட்டுகிற முனைச் சக்கரம்) கொட்டாமல் தங்கியது, பெல்ட் திரும்பி வரும் அடிப்பக்கத்து ரிட்டர்ன் ரோலரில் போய் அப்பும். அப்புறம் ரோலர் வட்டம் கெட்டு, பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கும். சாயங்காலம் கீழே விழுந்த மண்ணை நாலைந்து சட்டி அள்ளவே ஒரு ஆள் வேண்டும்.

இத்தனை நாள் பழைய பெல்ட்டை வெட்டித்தான், ஒட்டிய மண்ணை வழித்துவிடும் ஸ்க்ரேப்பராகக் கட்டியிருந்தோம். காசு மிச்சம்தான். ஆனால் அந்தத் துண்டில் கல்துகள் பதிந்து, உப்புத்தாள் போல ஓடுகிற பெல்ட்டைத் தேய்த்துத் தின்னும்.

போன ஆவணியில் பீன்யாவில் ஒரு பெல்ட் கடையில் பாலியூரித்தேன் பிளேடு வைத்த ஸ்க்ரேப்பர் வாங்கினேன். எங்களுடையது 600 மி.மீ. பெல்ட், இரு முனைகளையும் உலோகக் கிளிப்பால் இணைத்த ஜாயிண்ட் போட்டது. மிகக் கடினமான கார்பைடு முனை வைத்ததும் கடையில் இருந்தது. அது கிளிப்பில் மோதினால் இரண்டில் ஒன்று போகும். கடைக்காரரே "அது வேண்டாம் சார்" என்றார். விலை கூடியதைத் தலையில் கட்டாததற்கு ஒரு நட்சத்திரம்.

மாட்ட வந்த பையன்தான் சொதப்பினான். மண் கொட்டுகிற வழியிலேயே பிளேடை நிறுத்திவிட்டு, ஸ்பிரிங்கை முடிந்த மட்டும் முறுக்கினான். "டைட்டா இருந்தாத்தான் சார் சுத்தமாகும்." இரண்டே நாளில் கிறீச் சத்தம், தொட்டுப் பார்த்தால் பிளேடு சுட்டது. கடைக்குப் போன் செய்தால் "நாளைக்கு அனுப்பறேன்", மறுநாளும் அதே பாட்டு.

கடைசியில் நானே இறங்கினேன். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். (ஓடுகிற பெல்ட்டில் கம்பி வைத்துச் சுரண்டியவனை ஒருமுறை சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.) புல்லியின் நடுமட்டத்துக்குச் சற்றுக் கீழே பிளேடை இறக்கி, அகலம் முழுக்க பெல்ட்டைத் தொடுகிற அளவுக்கு மட்டும் ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். சத்தம் நின்றது. அன்று சாயங்காலம் அள்ளியது அரைச் சட்டி.

வாரம் ஒருமுறை ஸ்பிரிங் டென்ஷன் பார்க்க வேண்டும், விட்டால் பழைய கதைதான். இப்போது பிளேடின் நடுப்பகுதி தேய்ந்து, ஓரம் அப்படியே நிற்கிறது. பெல்ட் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரக்கோடு தெரிகிறது. பிளேடு மட்டும் தனியாகக் கிடைக்கிறது. அதே கடையில்தான் வாங்கப் போகிறேன், ஆள் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு.