நாலு சக்கர இழுவை ஏ45-ஐ விட்டுப் பழைய மஸ்டாங்குக்கு மாறலாமா?

காகிதத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மெர்சிடீஸ் ஏ45 ஏஎம்ஜி: 2 லிட்டர் டர்போ, 360 குதிரைத்திறன். 2016-இல் இங்கே விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி: டர்போ இல்லாத 5 லிட்டர் வி8, சுமார் 400. வித்தியாசம் ஐப்பசி மழையில் தெரியும். ஈசிஆர் வளைவில் ஏ45-இன் முன்சக்கரம் வழுக்கினால், பாதி விசை வரை பின்னால் போய் வண்டி நேராகும். மஸ்டாங்கில் அதே மிதி மிதித்தால் பின்புறம் சுழன்றுவிடும். மழையில் மஸ்டாங்கின் ஈரச் சாலைக்கான ஓட்டுமுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் தூரத்தை மட்டும் நாலு சக்கர இழுவை குறைக்காது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

மஸ்டாங் போன்ற பழைய கூப்பேயில் (இரண்டு கதவு வண்டியில்) முதலில் பார்க்க வேண்டியது டயர். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கத்தில் 2319 என்றிருந்தால், 2019-இன் 23-வது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய ரப்பர் இறுகியிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. அடுத்து, லிஃப்டில் ஏற்றி டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பகுதி) சீலில் எண்ணெய்க் கசிவு, பின் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களில் வெடிப்பு பாருங்கள். உள் ஓரம் மட்டும் தேய்ந்த டயர், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) கெட்டதன் அடையாளம்.

செலவு? ஏ45-இல் ஒரு டயர் குழியில் கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. சுற்றளவு வேறுபட்டால் பின்சக்கரங்களுக்கு விசை அனுப்பும் பின்னச்சுக் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். மஸ்டாங்கில் ஒரே அச்சின் ஜோடியோடு முடியும். ஆனால் எஞ்சின் ஆயில் மாற்றும்போது ஏழரை லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும், ஓஎம்ஆர் நெரிசலில் பெட்ரோலும் நிறையக் குடிக்கும்.

தினமும் அலுவலகம் போக ஏ45. ஞாயிறு காலைக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் மஸ்டாங்.