நிமிடங்களை எண்ணும் செயலி, படிகளை எண்ணாத செயலி

அடுத்த மாதம் பாரிஸிலுள்ள மகன் வீட்டுக்குச் செல்லவிருக்கும் புதுச்சேரி முத்தியால்பேட்டை நண்பர், அங்கே வழி பார்க்க எந்தச் செயலி நல்லது என்று கேட்டார். ஆறு கோடைகளாக மகள் வீட்டுக்குப் போய்வரும் நான் ஒரே செயலியைத்தான் பயன்படுத்தி வருகிறேன்.

வழி காட்டுவதில் அது தவறியதே இல்லை. எந்தத் தடம், எந்தத் திசை, எந்த எண்ணுள்ள வாயில் வழியாக வெளியேற வேண்டும் என்பது வரை சொல்லிவிடும். ஆனால் நிமிடங்களை எண்ணுகிறதே தவிர, படிகளை எண்ணுவதில்லை. 1900-ல் ஓடத் தொடங்கிய பாரிஸ் மெட்ரோவின் பழைய நிலையங்கள் பெரும்பாலானவற்றில் மின்தூக்கி கிடையாது. 1998-ல் வந்த 14-ஆம் தடத்தில் மட்டுமே எல்லா நிலையங்களிலும் உண்டு. கடற்கரைச் சாலையின் சமதரையில் நடந்து பழகிய என் முழங்காலை, இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காக, அது தடம் மாற்றி மாற்றி ஏறி இறங்க வைத்ததில், சென்ற ஆண்டு மூன்றாம் நாளே மூட்டு வீங்கிவிட்டது.

பச்சைச் சிலுவை ஒளிரும் மருந்தகத்துக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. எனினும் நான் கேட்ட டோலோ 650 அங்கே யாருக்கும் தெரியவில்லை. பாராசிட்டமால் என்ற பிறகு 500, 1000 மில்லிகிராம் மாத்திரைகளைக் காட்டினார்கள். 650-க்குப் பழகியவர்கள் 1000-ஐ அதே கணக்கில் விழுங்கிவிடக் கூடாது. ஆகவே மருந்துகளின் மூலப்பெயர்களை எழுதி எடுத்துச் செல்வது நல்லது. மருத்துவரையும் பார்த்தபோது, அவருக்கான 30 யூரோவை நாம் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குக் காட்டிய 30,000 யூரோ காப்பீட்டில் திரும்பக் கேட்க ரசீது வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் தொலைபேசியில் 15 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும்.

பிறகுதான் மகள், அமைப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருந்த 'சக்கர நாற்காலி வழி' என்ற தெரிவைக் கண்டுபிடித்தாள். அதை அழுத்தியதும் செயலி அடியோடு மாறிப் பேருந்துகளைக் காட்டியது. கார் து நோர் ரயில் நிலையத்தின் பக்கத்திலிருந்து 38-ஆம் எண் பேருந்தில் உட்கார்ந்து, நதியையும் பார்த்துக்கொண்டு தெற்கே போவது மெட்ரோவைவிட மெதுவானது. ஆனால் ஒரு படிகூட ஏறவில்லை. 2025 முதல் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் தனித்தனிச் சீட்டு என்பதால், இடையில் மாறினால் இரண்டு சீட்டு எடுக்க வேண்டும்.

இவ்வளவு உதவும் அந்தத் தெரிவு, செயலியை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் தானாகவே அணைந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு எட்டு முறை அதைத் தேடி அழுத்தியிருக்கிறேன். எனவே நண்பருக்கு என் பதில், அந்தச் செயலி வேண்டாம் என்பதே. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் பேருந்து வரைபடத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும்.